குளிர்நாட்டுக் கதிரும் பாலாற்றங்கரை உப்பும்

(ஆம்பூரில் விவசாயிகளும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆம்பூரில் கூட்டம் என்றால் தோலைப் பற்றிப் பேசலாம், ஷூ ஏற்றுமதியைப் பற்றிப் பேசலாம். பிரியாணியைப் பற்றிப் பேசினால் பின் வரிசைகளும் நிரம்பிவிடும். நான் ஸ்வீட் கார்னைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் அதை எப்படி விளைவிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கப் போகிறேன். நம்மூர் வெயிலில் உட்கார்ந்துகொண்டு குளிர்நாட்டு விவசாயம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

பேருந்து நிலையத்திலும் சினிமா கொட்டகையிலும் வேகவைத்த கார்ன் காகிதக் கோப்பையில் விற்பனையாகிறது. அதைப் பார்த்துவிட்டு, "நம்ம கொல்லையில இதைப் போடலாமா சார்?" என்று கேட்கும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஒரு பயிர் எங்கே கஷ்டப்பட்டு வளர்கிறதோ, அங்கேதான் அதன் குணம் முழுதாகத் தெரியவரும். குளிர்நாட்டுக்காரனுக்கு இந்தப் பயிர் லேசில் வசப்படுவதில்லை. அதனால் அவன் அதன் ஒவ்வொரு தேவையையும் அளந்து வைத்திருக்கிறான். அவனுக்குக் குறுக்கே நிற்பது குளிர். நமக்குக் குறுக்கே நிற்பவை இரண்டு: ஒன்று வெயில், மற்றொன்று உப்பு.

முதலில் பயிரின் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஸ்வீட் கார்னும் மக்காச்சோளம்தான். மக்காச்சோளம் பிறந்தது தெற்கு மெக்சிகோவில், பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில். ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன், டியோசின்டே என்ற காட்டுப் புல்லிலிருந்து அங்கிருந்த உழவர்கள் இதை உருவாக்கினார்கள். அது வெப்பமண்டலம், பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் நாடு. வடக்கே போகப் போக கோடையில் பகல் நீண்டுகொண்டே போகும். நீண்ட பகலில் வெப்பமண்டல மக்காச்சோளம் உயரமாக வளரும், பூக்கத் தாமதிக்கும். அது பூத்து மணி பிடிப்பதற்குள் உறைபனி வந்து கருக்கிவிடும். ஆகவே இந்தப் பயிர் மெக்சிகோவிலிருந்து கனடா எல்லை வரை போய்ச் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. எந்தச் செடி சீக்கிரம் பூத்ததோ அதன் கதிரை மட்டும் விதைக்கு எடுத்து வைத்து, தலைமுறை தலைமுறையாக அதை வடக்கே நகர்த்தியவர்கள் அமெரிக்கப் பூர்வகுடிகள். கியூபெக் மாநிலத்தின் காஸ்பே வட்டாரப் பெயர் தாங்கிய ஒரு பழைய ரகம் இருக்கிறது. இடுப்பளவுகூட வளராது, ஏறத்தாழ அறுபது நாளில் முற்றிவிடும். அது மனிதர்கள் பொறுக்கிப் பொறுக்கிச் செய்த வேலை.

இனிப்பு ரகமும் அந்தப் பூர்வகுடிகளிடமிருந்தே வெள்ளையர் கைக்கு வந்தது. 1902இல் பர்ப்பி என்ற அமெரிக்க விதை நிறுவனம் கோல்டன் பாண்டம் என்ற மஞ்சள் ரகத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை மஞ்சள் மக்காச்சோளம் என்றால் மாட்டுத் தீவனம், வெள்ளை மக்காச்சோளம்தான் மனிதனுக்கு என்பது அங்கே பலருடைய எண்ணம். குட்டையான, சீக்கிரம் விளையும், இனிக்கும் இந்த ரகம் அந்த எண்ணத்தை மாற்றியது. அது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தோட்டத்தில் கிடைத்த விதை. குளிர்ப் பகுதியில் தேறிய விதைதான் பிறகு நாடு முழுவதும் பரவியது.

இனி குளிர்நாட்டு விவசாயியின் கணக்குக்கு வருவோம். மக்காச்சோளம் காலண்டர் பார்த்து விளைவதில்லை. அஞ்சலகச் சேமிப்புப் புத்தகத்தில் தினமும் கொஞ்சம் வரவு வைப்பதுபோல அது சூட்டைச் சேர்த்து வைக்கிறது. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வரவு இல்லை. 30 டிகிரிக்கு மேலே போனாலும் கூடுதல் வரவு இல்லை. ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்து, 10ஐக் கழித்தால் அன்றைய வரவு. இங்கிலாந்தில் ஒரு நல்ல கோடை நாளில் பகல் 22, இரவு 12 என்று வையுங்கள். சராசரி 17. பத்து போக மிஞ்சுவது 7. நம் மார்கழியில் பகல் 29, இரவு 19 என்றால் சராசரி 24, வரவு 14. அதாவது நம்முடைய மிகக் குளிர்ந்த மாதத்தின் ஒரு நாள், அவர்களுடைய நல்ல கோடையின் இரண்டு நாளுக்குச் சமம். நமக்கு 75, 80 நாளில் ஒடிக்க வரும் கதிர், அங்கே கோடை முழுவதையும் தின்றுவிட்டுத்தான் தயாராகும்.

அதனால் அவர்கள் வெப்பத்தைத் திருடுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குள்ளோ கண்ணாடிக் கூடத்திலோ ஆழமான தொட்டிகளில் விதை போடுவார்கள். வேர் கலைந்தால் இந்தப் பயிர் முரண்டு பிடிக்கும். அதனால் காகிதக் குழாயில் வளர்த்து, குழாயோடு நடுகிற வழக்கமும் உண்டு. கடைசி உறைபனி போன பிறகு, மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ வெளியே நடுவார்கள். அதற்கு முன்பே மண்ணின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து மண்ணைச் சூடாக்கி வைப்பார்கள். ரகம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது எத்தனை நாள் என்பதைத்தான். ருசி அதற்குப் பிறகு.

கனடாவின் ஆல்பெர்ட்டா மாநிலத்தில் டேபர் என்று ஒரு சிறு ஊர். பனிக்காலம் கொடுமையாக இருக்கும். ஆனால் கோடையில் நல்ல வெயில், கால்வாய்ப் பாசனம், குளிர்ந்த இரவுகள். பகலில் இலை சேர்க்கும் சர்க்கரையைக் குளிர்ந்த இரவு குறைவாகவே செலவழிக்கிறது. அந்த ஊர்க் கதிருக்கு நாடு முழுவதும் பெயர். வெளியூர்க் கதிரை டேபர் கதிர் என்று பொய் சொல்லி விற்கும் ஆட்கள் முளைத்துவிட்டதால், உண்மையான வியாபாரிகள் சான்றிதழ் காட்டி விற்கிறார்கள். குளிர் நாட்டில் ஒரு பயிர் ஊர்ப்பெயரோடு விலை பெறுகிறது என்றால், காரணம் அவர்கள் தங்கள் நிலத்தின் குறையையும் நிறையையும் தெரிந்து வைத்திருப்பதுதான்.

அடுத்தது இனிப்பு. மணியில் சேரும் சர்க்கரை சீக்கிரமே மாவாக மாறுவது மக்காச்சோளத்தின் இயல்பு. அந்த மாற்றத்தைத் தடுக்கும் மரபணுக் கோளாறு ஏற்பட்ட செடிதான் ஸ்வீட் கார்ன். பழைய வகையில் சர்க்கரையோடு ஒரு பிசுபிசுப்பான பால்தன்மையும் இருக்கும். ஆனால் ஒடித்த பிறகு 30 டிகிரி வெப்பத்தில் ஒரே நாள் கிடந்தால் சர்க்கரையில் பாதியளவு போய்விடும். ஐஸில் வைத்தால் அந்த இழப்பு பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. 1950களில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி ஜான் லாஃப்னன் இன்னொரு மரபணுவைக் கவனித்தார். அந்த மரபணு கொண்ட விதை காய்ந்தால் சுருங்கிப் போகும். ஆனால் பச்சையில் பழைய வகையைவிடப் பல மடங்கு இனிக்கும், இனிப்பும் பல நாள் தங்கும். இன்று சந்தையில் சூப்பர் ஸ்வீட் என்று விற்பவை இந்த வழியில் வந்தவை.

இதில் நமக்கு இரண்டு சங்கதி இருக்கிறது. சுருங்கிய விதையில் மாவுச் சேமிப்பு குறைவு. ஈரமும் குளிரும் கூடினால் முளைக்காமல் அழுகிவிடும். குளிர்நாட்டில் மண் 18 டிகிரியாவது சூடேறும் வரை அதை விதைக்க மாட்டார்கள். நம்மூரில் மண்ணின் சூடு பிரச்சினை இல்லை. ஐப்பசி அடைமழையில் தேங்கும் தண்ணீர்தான் பிரச்சினை. அடுத்தது, பக்கத்து வயலில் கோழித்தீவன மக்காச்சோளம் இருந்து, இரண்டும் ஒரே நேரத்தில் பூத்தால், அதன் மகரந்தம் காற்றில் வந்து நம் கதிரில் விழும். விழுந்த இடத்து மணி இனிக்காது, மாவாகிவிடும். இரண்டு வயலும் பூப்பதற்கு இடையில் குறைந்தது இரண்டு வாரமாவது விட வேண்டும். பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசாமல் இந்தப் பயிரை வைக்கக் கூடாது.

கதிரின் நுனியில் தொங்கும் நார் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குப் போகிறது. எந்த நாரில் மகரந்தம் விழவில்லையோ, அந்த மணி உண்டாகாது. மகரந்தம் காற்றில்தான் வரும், அதில் பெரும்பகுதி சிறிது தூரத்துக்குள் விழுந்துவிடும். ஆகவே வரப்போரமாக ஒரே வரிசை நட்டால் பொக்கைப் பல் கதிர்தான் கிடைக்கும். குளிர்நாட்டில் வீட்டுத் தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு செடி வைப்பவர்கூட அதைச் சதுரமாகத்தான் வைப்பார். நம் வயலில் வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 20 முதல் 25 செ.மீ. விட்டு, கட்டமாக நடுங்கள்.

இப்போது நம் ஊர் வெயிலைப் பார்ப்போம். வேலூர் சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். சூட்டுக்கு 30 டிகிரிக்கு மேல் வரவு இல்லை என்றேன். 35ஐத் தாண்டினால் செலவு ஆரம்பிக்கிறது. கொண்டைப் பூவின் மகரந்தம் உயிர் இழக்கும். வறண்ட காற்றில் நார் காய்ந்துவிடும். செடி பச்சைப்பசேல் என்று நிற்கும், கதிரை உரித்தால் பாதி மணி இருக்காது. ஆகவே பூக்கும் நாளை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும். விதைத்து ஏறக்குறைய 50 நாளில் பூக்கிறது என்று வைத்தால், கார்த்திகைக் கடைசியிலிருந்து தை முதல் வாரத்துக்குள் விதைப்பது சமவெளிக்குப் பொருந்தும். மழை ஓய்ந்திருக்கும், கிணற்றில் தண்ணீர் இருக்கும், வெயில் முறுகும் முன் பூத்துவிடும். பங்குனிக்குள் கதிர் ஒடித்து முடித்துவிடலாம்.

வாணியம்பாடிக்குத் தெற்கே ஏலகிரி இருக்கிறது. புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் 1,000 மீட்டருக்கு மேல் உயரம். அடிவாரத்தைவிட நான்கைந்து டிகிரியாவது குறைவு. ஜவ்வாது மலையும் அப்படித்தான். கீழே பயிர் வைக்கவே முடியாத கோடையில், மேலே தண்ணீர் வசதி உள்ள சிறு துண்டு நிலங்களில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சுற்றுலா வருகிறவர்கள் அங்கேயே வாங்கிச் சாப்பிடுவார்கள். ஒடித்த அன்றே விற்றுவிடும் பொருளுக்கு இதைவிட நல்ல சந்தை வேறில்லை. மலைக்கு வராதவர்களுக்கும் நம் வட்டாரத்திலிருந்து வழி இருக்கிறது. சென்னையும் பெங்களூரும் நெடுஞ்சாலையில் சில மணி நேரப் பயணம். விடியற்காலையில் ஒடித்து, நிழலில் வைத்து, அன்றே ஏற்ற வேண்டும்.

இதுவரை சொன்னது எந்த ஊரிலும் சொல்லக்கூடியது. இனிச் சொல்வது நம் ஊருக்கு மட்டுமே உரியது.

உப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் கெடாமல் இருக்க உப்பு போட்டுத்தான் டேனரிக்கு வருகின்றன. பதனிடும் முன் ஊறவைக்கும்போது அந்த உப்பில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்குகிறது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்திலும் உப்பு இருந்தது. ஆனால் 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்த பிறகு, குரோம் பதனிடுதலும் தண்ணீர்ச் செலவும் கழிவும் பல மடங்கு பெருகின. அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கிணறே சொல்லும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பதும், தீங்கு வரும் முன் தடுக்க வேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்று இந்தியாவெங்கும் சட்டக் கல்லூரிகளில் நம் ஊர்ப் பெயரோடு அதைப் படிக்கிறார்கள். தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் தந்த அறிக்கையை அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டுகிறது. அதன் பிறகு அமைந்த ஆணையம் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டு, ஏறக்குறைய 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள்: சராசரியாக ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை. வழக்கு அதோடு முடியவில்லை; 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இந்த மாசு குறித்துத் தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது.

டேனரியைக் குறை சொல்லிவிட்டுப் போவது என் நோக்கமில்லை. இந்த அரங்கில் பாதிப் பேர் வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன, கழிவுநீரை வெளியே விடாமல் மறுபடி பயன்படுத்தும் முறை வந்திருக்கிறது. ஆனால் முன்பே மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கிய உப்பு, தீர்ப்பைப் படித்துவிட்டு வெளியேறிவிடாது.

ஸ்வீட் கார்ன் உப்பு தாங்காத பயிர். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பாசன நீர்க் கையேட்டில் இதற்கு அளவு இருக்கிறது. மண்ணின் உப்பைக் காட்டும் மின் கடத்தும் திறன் மீட்டருக்கு 1.7 டெசிசீமன் வரை விளைச்சல் குறையாது. அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் 12 சதவீதம் குறையும். 5.9இல் பாதி விளைச்சல் போய்விடும். பாசன நீருக்கு இதை நமக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். கரைந்த உப்பை லிட்டருக்கு மில்லிகிராமில் காட்டும், ஆர்.ஓ. மெக்கானிக் கையில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் 700 வரை காட்டினால் கவலை வேண்டாம். 1,600 காட்டினால் கால் பங்கு விளைச்சல் போகும். 2,500 காட்டினால் பாதி போகும்.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. சுத்திகரித்த தொழிற்சாலைக் கழிவுநீரில் கரைந்த உப்புக்கு நம் மாநிலத்தில் அனுமதித்த அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். அதாவது சட்டப்படி குற்றமற்ற தண்ணீரைப் பாய்ச்சினாலே, இந்தப் பயிரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்க நேரிடும். சட்டம் தண்ணீருக்கு விதித்த எல்லையும் பயிர் தாங்கும் எல்லையும் ஒன்றல்ல. அதிகாரி 'சரி' என்று எழுதிக் கொடுத்த தண்ணீரும் உங்கள் கதிருக்குச் சரியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

அதே கையேட்டில் நம்முடைய வெள்ளைச் சோளத்துக்கு எல்லை 6.8. ஸ்வீட் கார்னைவிட நான்கு மடங்கு. தட்டைப்பயறுக்கு 4.9. நிலக்கடலைக்கு 3.2. பாட்டன் முப்பாட்டன் இந்த மண்ணில் எதை விதைத்தார்களோ, அவைதான் இன்றைய உப்புக்கும் தாக்குப்பிடிக்கின்றன. உங்கள் கிணறு உப்பேறியிருந்தால், ஸ்வீட் கார்ன் விதைக்குச் செலவழிக்கும் பணத்தில் சோளமும் தட்டைப்பயறும் போடுவது அறிவு. கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

"ஜிப்சம் போட்டால் சரியாகிவிடும்" என்று உரக்கடையில் சொல்வார்கள். ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து. வெறும் உவர் நிலத்துக்கு அது உதவாது. நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி வடிகாலில் இறக்குவதுதான் வழி. நம் பகுதி மண்ணில் இரண்டு குணமும் கலந்திருக்கலாம், அதனால் சோதிக்காமல் மருந்து வாங்காதீர்கள். சுமாரான உப்புத் தண்ணீர் என்றால் சொட்டுநீர் ஓரளவு கைகொடுக்கும், ஆனால் தெளிப்புநீர் வேண்டாம். இலையில் உப்புப் படிந்து கருகும்.

பூச்சியைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 2018இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட அமெரிக்கப் படைப்புழு அதே ஆண்டு தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் சூறையாடியது. ஸ்வீட் கார்ன் அதற்கு இன்னும் பிடித்த தீனி. கடைசி உழவில் ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, வரப்பில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி, முதல் மாதம் தினமும் குருத்தைப் பார்ப்பது என்று தொடங்குங்கள். பச்சையாகப் பறித்து வேகவைத்துக் குழந்தைகள் தின்னும் பொருள் இது. கதிர் பிடித்த பிறகு விஷம் அடிப்பவர் அந்தக் குழந்தைகளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நண்பர்களே, குளிர்நாட்டு விவசாயியிடமிருந்து விதையை மட்டும் வாங்கி வந்து பயனில்லை. தன் நிலத்தால் எது முடியும், எது முடியாது என்று விதை வாங்கும் முன்பே அளக்கும் பழக்கத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். அவன் மண்ணில் வெப்பமானியைக் குத்திப் பார்க்காமல் விதைப்பதில்லை. நாம் கிணற்றைச் சோதிக்காமல் விதைக்கக் கூடாது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் கழுவி, ஒரு லிட்டர் பிடியுங்கள். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. மண்ணையும் ஓரடி ஆழம் வரை எடுங்கள். விரிஞ்சிபுரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அங்கே போய் எங்கே சோதிப்பது, எந்த ரகம் வைப்பது என்று கேளுங்கள். கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊர்க் கிணறுகள் எல்லாவற்றின் உப்பு அளவையும் எழுதி, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீர் எந்தப் பயிருக்கு ஆகும் என்று ஊருக்கே தெரியட்டும். அடுத்த முறை இழப்பீட்டுக் கணக்கு எடுக்க ஆள் வரும்போதும் அந்தத் தாள் உங்கள் கையில் ஆதாரமாக இருக்கும்.

நல்ல தண்ணீர் உள்ளவர்கள் கார்த்திகைக் கடைசியில் அரை ஏக்கரில் ஸ்வீட் கார்ன் போட்டுப் பாருங்கள். உப்புத் தண்ணீர் உள்ளவர்கள் அதை விட்டுவிட்டுச் சோளம் விதையுங்கள். எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதை மீட்டர் சொல்லட்டும், விதைக்கடைக்காரர் சொல்ல வேண்டாம்.